தேரியில் நட்ட கொடிகள்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள் தம்பி. இந்த வளைவு தாண்டுகிற வரைக்கும்தான். செம்மண் பறந்து கண்ணில் விழும். ஆமாம், வலப்பக்கம் மேடு மேடாகச் செம்மணல் தெரிகிறதே, அது தேரிதான். நேற்றே பார்த்துவிட்டீர்களா? எந்தப் பக்கமாக ஏறினீர்கள்? கோயில் பக்கமா? அது நல்ல பக்கம். இந்தப் பக்கம் வராதீர்கள். இங்கே இப்போது ஒன்றுமில்லை.

நான் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாய் கொடுக்கிறவன் இல்லை. முப்பத்தோரு வருஷம் ரேஷன் கடையில் எடையாளராக இருந்தேன். அங்கே நான் பேசியதெல்லாம் கிலோவும் லிட்டரும்தான். மற்ற எல்லாவற்றையும் ஜனங்கள் பேசுவார்கள். அரிசியில் வண்டு, பருப்பில் கல், எதற்கும் என்னைத்தான் வைவார்கள். ஆனால் எடை குறைந்தது என்று ஒருவர் சொன்னது கிடையாது. ஐம்பது கிராம் குறைந்தது என்றுகூட யாரும் சொன்னதில்லை. அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சத்தத்தைக் கழுவுவதற்குத்தான் தேரிக்குப் போக ஆரம்பித்தேன். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நேராகப் போய் ஒரு கொல்லாமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். முந்திரி மரத்தை எங்கள் பக்கம் கொல்லாமரம் என்போம். காடு அரசாங்கத்தது. யாருக்கும் பட்டா கிடையாது. யாருக்கும் இல்லை என்றால் எனக்கும் கொஞ்சம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். காற்று மணலைத் தள்ளுகிற சத்தம் இருக்கிறதே, அரிசியைத் தட்டில் கொட்டிப் பரப்புகிற மாதிரி இருக்கும். அதைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது.

ஒருநாள் என் மரத்தடியில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. கள் குடிக்க வந்த ஆள் என்று நான் நினைத்தேன். அவர் என்னை மணல் திருட வந்தவன் என்று நினைத்தாராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போகும்போது, "நாளைக்கும் வருவீரோ?" என்றார். வருவேன் என்று தலையாட்டினேன். "வாரும். ஆனா பேசப்பிடாது," என்றார்.

அவர்தான் மீராசா காக்கா. அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் இப்போது போகிற ஊர்க்காரர். மீன் ஏலம் கூறுகிறவர். காலையில் அவர் குரல் எடுத்தால் படகில் நிற்கிறவனுக்கும் கேட்கும். பொழுது விடிந்ததிலிருந்து பத்து மணி வரை கத்த வேண்டும். அதற்கப்புறம் வீட்டில் சாப்பாடு கேட்பதற்குக்கூட சைகைதானாம். சாயங்காலம் அசர் தொழுகை முடித்துவிட்டு டி.வி.எஸ். வண்டியில் வருவார். தார் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் ஏறுவார். பொழுது அடைகிற மஃரிபு தொழுகைக்கு முன்னால் கிளம்பிவிடுவார். ஏழு வருஷம் தம்பி. ஏழு வருஷத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தால் உங்களோடு நான் இப்போது பேசியதற்கு வராது.

சிரிக்காதீர்கள். எனக்கு வேறு சிநேகிதர் யாரும் கிடையாது.

ஆள்காட்டிக் குருவி தெரியுமா? மஞ்சள் தாடி வைத்த மாதிரி மூக்குப் பக்கத்தில் தொங்கும். அது மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், இரண்டு தேரி மேட்டுக்கு நடுவில் இறுகின மண் கிடக்கும் பாருங்கள், அங்கே ஒரு சின்னக் குழி பறித்து நாலு முட்டை வைக்கும். முட்டையும் மண்ணும் ஒரே நிறம். பங்குனி, சித்திரை வெயிலில் தாய் எங்கேயோ போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இதெல்லாம் காக்கா கண்டுபிடித்தது. வருஷா வருஷம் அதே இடம்தான். அவர் வந்ததும் முதலில் தூரத்தில் நின்று அதைப் பார்ப்பார். அப்புறம் வந்து உட்கார்ந்து, "இருக்கு" என்பார். அன்றைக்கு அவர் பேச்சு அவ்வளவுதான்.

போன தைக்கு அப்புறம் வண்டிகள் வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு ஜீப். டயர் ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். மேட்டில் ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும், மேலே நின்று ஓவென்று கத்துவார்கள். அடுத்த சனிக்கிழமை மூன்று ஜீப். அப்புறம் மோட்டார் சைக்கிள்கள், மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்ததாம். சைலன்சர் என்று ஒன்று அதில் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். எல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் டயர் போன இடத்தில் புல் வேரோடு வந்துவிடும். புல் போனால் மண் நிற்காது. கோயிலுக்கு நடந்து போகிற பெண்கள் ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். முயல் போயிற்று. கௌதாரி போயிற்று. நாங்களும் இடத்தை மாற்றினோம். கொல்லாமரத்தை விட்டு உள்ளே ஒரு உடைமரம். அங்கேயும் சத்தம் வந்தது. அதற்கும் உள்ளே போனோம். காக்காவுக்கு மூட்டு வலி. மணலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

ஒருநாள் வாய் திறந்தார். "காலையில சத்தத்துக்குத்தான் எனக்குக் கூலி, சுயம்பு. சாயங்காலம் சும்மா இருக்க ஒரு இடம் வேணுமா இல்லியா? அதைக்கூட விட்டுட்டுப் போகணுமா?"

மறுநாள் வனத்துறை ஆபீசுக்குப் போனேன். அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடிக்கட்டும் என்று வாசலில் நின்றேன். அப்புறம் போன் பேசினார். பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பிடப் போகிறவரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? வெளியே வந்தபோது ஒரு காவலர், "என்ன பெரியவரே, காலையிலேர்ந்து நிக்கீரு?" என்று கேட்டார். தேரி, வண்டி, என்று இரண்டு வார்த்தை சொன்னேன். "உள்ள போகக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோமே. நாங்க ரெண்டு பேரு, காடு அம்புட்டு. நாங்க இந்தப் பக்கம் போனா அவனுக அந்தப் பக்கம் வாரானுக," என்றார். அவர் பாடும் பாவம்தான்.

சித்திரையில் காக்காவின் மகளுக்கு மதுரையில் பிரசவம். பத்து நாள் போய்விட்டு வருவதாகச் சொன்னார். கிளம்புகிறதற்கு முந்தின நாள் குருவியைப் பார்த்தோம். நாலு முட்டையும் இருந்தது. எழுந்து போனவர் திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் தொட்டார். "பாத்துக்கிடும் வே," என்றார்.

என்னை நம்பி ஒருத்தர் ஒன்றை விட்டுப் போகிறார் தம்பி. அரசாங்கம் குடோனையே என்னை நம்பி விட்டது, அது வேறு. இது வேறு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தேரி ஓரத்தில் பழைய கிணறுகள் கிடக்கும். சுற்றுச்சுவர் இருக்காது, மணல் மூடி வாய் தெரியாது. அங்கே ஒரு பனைமட்டையை நட்டு, சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள். துணியைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட அந்தப் பக்கம் கால் வைக்காது. சுற்றித்தான் போகும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எனக்கு அது ஞாபகம் வந்தது. அதிகாரியிடம் பேச வேண்டாம், ஓட்டுகிறவர்களிடமும் பேச வேண்டாம். துணி பேசிக்கொள்ளும்.

பதினெட்டு மீட்டர் சிவப்புத் துணி வாங்கினேன். என் வீட்டுக்காரி ஆவுடை, "எந்தக் கட்சியில சேந்துட்டீரு?" என்று கேட்டாள். ஒரே அகலமாகக் கிழித்தேன். மட்டைகளை ஒரே உயரத்துக்கு வெட்டினேன். கூட்டைச் சுற்றி ஒரு வட்டம் நட்டேன். அப்புறம் யோசித்தேன். மேட்டின்மேல் ஏறி வருகிறவனுக்கு வட்டம் கடைசி நிமிஷத்தில்தானே தெரியும்? பிரேக் பிடித்தாலும் மணலில் நிற்காதே? அதனால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று ரோட்டோரச் சரிவிலிருந்து கூடு வரைக்கும் வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை நட்டேன். இந்தக் கொடிக்கும் அந்தக் கொடிக்கும் காலால் அளந்து பத்து எட்டு. எங்கே அளந்தாலும் பத்து எட்டு. நடுவில் உள்ள இடம் குருவியுடையது. வண்டிக்காரர்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேரி முழுக்கக் கிடக்கிறது.

நட்டு முடித்து மேலே ஏறி நின்று பார்த்தேன். காற்றில் எல்லாம் ஒரே பக்கமாக ஆடின. காக்கா வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வந்தார்கள். ஆறு மோட்டார் சைக்கிள், இரண்டு ஜீப். சரிவில் ஏறினதும் முதல் கொடியைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். பார்த்தீர்களா, துணி பேசிவிட்டது! ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தான். நல்ல முகம். "அங்கிள், இது நீங்க நட்டதா?" என்றான். தலையாட்டினேன். "தனியாவா? பக்காவா இருக்கு அங்கிள். எவ்வளவு கரெக்டா ஒரே அளவுல வச்சிருக்கீங்க!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். எடை சரியாகப் போட்டதற்கு என் ஊரில் ஒரு ஆள் கை தட்டியதில்லை தம்பி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே முட்டை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு பையன் என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தான். வெயிலில் நிற்கிறேன் என்று அந்த முதல் பையன் ஒரு தொப்பி கொடுத்தான். அவர்கள் குழுவின் பேர் போட்ட தொப்பி. மஞ்சள் நிறம். மரியாதைக்குக் கொடுத்ததை எப்படி மறுப்பது? போட்டுக்கொண்டேன்.

அப்புறம் இஞ்சினைக் கிளப்பினார்கள்.

இரண்டு வரிசைக்கும் நடுவில்தான் போனார்கள். இந்தக் கொடிக்கு வலப்பக்கம், அடுத்த கொடிக்கு இடப்பக்கம் என்று வளைந்து வளைந்து. ஒரு கொடியையும் சாய்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கூட்டைச் சுற்றி நட்ட வட்டத்துக்கு வந்ததும் உள்ளே புகுந்து சுற்றினார்கள். ஒருவன் சுற்றி முடித்து வெளியே வந்தால் அடுத்தவன். குருவி இரண்டும் மேலே பறந்து கத்தின. நானும் கத்தினேன். என் கத்தல் என் காதுக்கே கேட்கவில்லை. போகும்போது எல்லாரும் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள்.

போய்ப் பார்த்தேன். முட்டையோட்டுத் துண்டுகூட இல்லை. ஈரமாக ஒரு இடம், அவ்வளவுதான். தாய் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எழுந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. மறுபடி எழுந்து பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. வயிறு நனைந்திருந்தது.

நீங்கள் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? ஒரு வாய் கொடுங்கள். போதும், போதும்.

எங்கே பிசகு என்று யோசித்தேன். துணி போதவில்லை. கிணற்றுக்கு ஒரு மட்டை போதும், வண்டிக்கு அது போதுமா? மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி மூன்று முட்டை வைத்திருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மிச்சத் துணியோடு போனேன். இந்த முறை ஐந்து எட்டுக்கு ஒரு கொடி. நெருக்கி நட்டேன். பாதி நடும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள். முந்தின நாளைவிட இரண்டு மடங்கு. போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். "அங்கிள் புதுசா போடுறாரு டா!" என்று ஒரே ஆரவாரம். இரண்டு பையன்கள் இறங்கி வந்து மட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், நான் துணி கட்டினேன். நல்லது, உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தால், சரிவில் காக்கா நிற்கிறார்.

பேரன் பிறந்துவிட்டான், இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏலம் இல்லை, அதனால் காலையிலேயே வந்திருக்கிறார். கையில் மிட்டாய் டப்பா. எனக்குத்தான் கொண்டுவந்திருப்பார். கொடி வரிசையைப் பார்த்தார். தரையில் டயர் தடத்தைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார், கூடு இருந்த வட்டத்தை. அப்புறம் என் தலையைப் பார்த்தார்.

"துணி யாரு குடுத்தா?" என்றார்.

"நானே வாங்கினேன் காக்கா. பதினெட்டு மீட்டர்," என்றேன்.

"தொப்பி?"

"இவங்க குடுத்தாங்க."

"நல்லாயிருக்கு," என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார். மூட்டு வலிக்காரர், அன்றைக்கு நான் ஓடியும் பிடிக்க முடியவில்லை. டி.வி.எஸ்.ஸை முறுக்கிக் கிளப்புகிற சத்தம் கேட்டது. அந்த வண்டியின் சத்தத்தைத் தேரிக்கு மேலேயிருந்து அதற்கு முன் கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது. நானும் எல்லா வகையிலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பேரனுக்கு ஒரு வார்த்தை நல்லது சொல்லவில்லையே, அதுவா? பதினெட்டு மீட்டர் அநாவசியச் செலவு என்று நினைத்தாரா? நாலு முட்டையைக் காப்பாற்ற முடியவில்லை, அந்தக் கோபமா? அது நியாயமான கோபம். ஆனால் நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள்.

கொடியைப் பார்த்துத்தான் உள்ளே போனார்களா? கொடியை வழி என்று நினைத்தார்களா?

ஆவுடையும் இதையேதான் சொல்கிறாள். அவளுக்குத் தேரியைப் பற்றி என்ன தெரியும்? சிவப்புத் துணி என்றால் வராதே என்று அர்த்தம். நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியாதா? ரயிலுக்குக்கூட அதுதானே? கொடி இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் கண்டபடி போயிருப்பார்கள். ஒரு கொடியைக்கூடச் சாய்க்கவில்லை என்று சொன்னேனே. மதிப்பு இல்லாமலா சாய்க்காமல் போனார்கள்?

இல்லை. அப்படி இருக்காது. அப்படி இருந்தால் காக்கா என்ன நினைத்திருப்பார்? நான் அவர்களுக்கு... இல்லை தம்பி. அவர் என்னை அப்படி நினைக்கிறவர் இல்லை. ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

நீங்கள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. விடுங்கள்.

இப்போது ஏலத்துக்குத்தான் போகிறேன். தினமும் இந்த பஸ்தான். தேரியில் உட்கார முடியவில்லை, அவர் வீட்டுக்குப் போகக் கூச்சம். ஏலத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கூட்டத்தின் பின்னால் நின்றுகொள்வேன். அவர் குரலை அதற்கு முன் நான் சரியாகக் கேட்டதே கிடையாது. என்ன குரல் தம்பி! ஒரு மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். மூலையில் ஒருத்தன் கண்ணை அசைத்தாலும் பிடித்துவிடுவார். முடிக்கும்போது வாங்கினவன் பேரைச் சொல்லித்தான் முடிப்பார். அங்கே அதுதான் முறை. பேரைச் சொன்னால் கூடை அவனுடையது.

போன செவ்வாய்க்கிழமை அவர் பார்வை என் பக்கம் வந்தது. கும்பிடலாம் என்று நினைத்தேன். பாதியில் வெட்கம் வந்து ஒரு கை மட்டும் மேலே போய் நின்றுவிட்டது. அங்கே கை தூக்கினால் விலை கேட்டதாகக் கணக்கு. பக்கத்தில் நின்ற வியாபாரி, "காக்கா, பெரியவரு கேக்காரு," என்று சத்தம் போட்டார். காக்கா என்னை நேராகப் பார்த்தார். கை தூக்கிக்கொண்டே நின்றேன். அப்புறம் அவர் முகத்தைத் திருப்பி, எனக்கு முந்தின விலைக்கே இன்னொருத்தர் பேரைச் சொல்லி முடித்துவிட்டார். கேட்ட விலையை விட்டுவிட்டுக் குறைந்த விலைக்கு அவர் முடித்து அங்கே யாரும் பார்த்ததில்லையாம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளும் தூக்கினேன். நேற்றும் தூக்கினேன்.

எனக்கு மீன் ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். கூடை வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, யாருக்காவது கொடுத்துவிடுவேன். அது பெரிய காரியம் இல்லை. அவர் முடிக்கும்போது சொல்வாரே, அந்தக் குரலில் ஒரு தடவை "சுயம்பு" என்று சொன்னால் போதும்.

இதுதான் என் ஸ்டாப். காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள் தம்பி, இறங்கிக்கொள்கிறேன். சீக்கிரம் போனால்தான் இன்றைக்கு முன்வரிசையில் நிற்க முடியும்.